வாசலில் போட்ட நாற்காலி

யார் வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் சாப்பிட ஏதாவது கேட்பார்.

மர்பி டவுன் சந்துகளில், அடுத்த வேளைக்கு அரிசி இருக்கிறதா என்று வீட்டுக்காரிக்கே தெரியாத வீடுகளின் முன்னால் நின்றுகொண்டு, "என் ஊட்டா இன்னும் ஆகலம்மா, ஒரு வாய் எதாவது இருக்கா?" என்பார். பெங்களூரில் இரண்டு பேர் சந்தித்தால் "ஊட்டா ஆய்த்தா" என்று கன்னடத்தில் சாப்பாட்டை விசாரிப்பது வழக்கம். அவரை அப்படி விசாரிக்க யாருக்கும் அவகாசம் கிடைத்ததில்லை. பழைய சோறோ, முந்தின நாள் குழம்போ, டீயும் ஒரு வர்க்கியுமோ, வந்ததை உட்கார்ந்து சாப்பிடுவார். உப்பு போதவில்லை என்றால் அதையும் சொல்லுவார்.

அந்த வீடுகளுக்கு உதவுவதற்காகத்தான் அவருக்குச் சம்பளம் கொடுத்தோம். கொரோனாவுக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் பல வீடுகளில் சம்பாதிக்கிற ஆள் இல்லாமல் போயிருந்தார். பிள்ளைகளைக் கொண்டுபோய் காப்பக இல்லங்களில் விடுவது சாதாரணமாகிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் தாயிடமே இருக்க வேண்டும், அதற்கு அந்தத் தாயைத் தாங்கிக்கொள்ள நாலு பேர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறு டிரஸ்ட் ஆரம்பித்தார்கள். நான் அதற்குத் தலைவன். மல்லேஸ்வரத்தில், மைசூர் சமஸ்தான உத்தியோகத்தில் இருந்த என் அப்பா கட்டிய வீட்டில் இன்றும் இருக்கிறேன். நானும் மாநில அரசில் கோப்புகளுக்கு நடுவே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன். அரசாங்கத்தைத் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னை உட்கார வைத்தார்கள்.

அவர் கோலார் தங்கவயல்காரர். நாற்பதைத் தாண்டிய பெண்மணி. சமூகப் பணியில் எம்.ஏ. படித்தவர். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, அங்கே மேலே இருந்தவரோடு சண்டை போட்டுக்கொண்டு எங்களிடம் வந்தார். பணிவு என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர் விரும்பமாட்டார்.

இப்படி வீடு வீடாகச் சாப்பிடுவது என் காதுக்கு வந்தபோது எனக்கு உடம்பு கூசியது. ஆபீசுக்குக் கூப்பிட்டு, நாம் கொடுக்கப் போகிறோமா, வாங்கித் தின்னப் போகிறோமா என்று கேட்டேன்.

"நீங்க குடுக்கற சம்பளத்துல எனக்குப் பசிக்குது சார்" என்றார்.

அதற்கு மேல் விளக்கம் கிடையாது. கஸ்தூரிதான் பின்னால் எனக்குச் சொன்னாள். கஸ்தூரி அந்தச் சந்து முனையில் இட்லிக் கடை வைத்திருந்தவள். அந்தந்தச் சந்துப் பெண்களையே பக்கத்து வீடுகளைப் பார்த்துக்கொள்ளப் பழக்க வேண்டும் என்று இவர் பிடிவாதமாகச் சேர்த்தவர்களில் முதல் ஆள். "எல்லாரும் வந்து குடுத்துட்டுப் போறாங்க சார், வாங்கி வாங்கிக் கூசிப்போயிருக்கும். அந்தம்மா வந்து சாப்பிட்டா அன்னிக்கு ஒரு நாள் அந்த வீட்டுக்காரி நிமிந்து உக்காருவா" என்றாள். பிறகு, இதை அந்தம்மா சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகவே புரிந்துகொண்டதாகவும் பெருமையாகச் சேர்த்துக்கொண்டாள்.

சாப்பாட்டைத் தவிர அவர் எதையும் கேட்கமாட்டார். அதுதான் அவருடைய முழு வித்தை என்று சொல்லலாம். என்ன ஆச்சு, யார் அடித்தது, ஏன் அழுகிறாய், எதுவும் கிடையாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார். சொல்லாவிட்டால் வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு, அடுத்து என்றைக்கு வருவேன் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். சொன்ன நாளில் மழையானாலும் வருவார். கதவைத் தட்டினால் உடனே பின்னால் நகர்ந்து, ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் போய் நின்றுகொள்வார். உள்ளே இருப்பவள் பார்த்து, யோசித்து, திறக்காமல் இருந்துவிடவும் அவளுக்கு வழி இருக்க வேண்டுமாம்.

புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். போன வீட்டில் 'ஏன்' என்று யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால், கேட்டவள் எல்லோருக்கும் வடை வாங்கித்தர வேண்டும். வடை கஸ்தூரி கடையில்தான். அதனால் கஸ்தூரி மட்டும், புது ஆட்களைத் தனியாகக் கூப்பிட்டு, கூச்சப்படாமல் கேளுங்கள், கேட்டால்தானே தெரியும் என்று தூண்டிவிடுவாள்.

என்னையும் அவர் விடவில்லை. என் மேஜையில் ஒரு கைமணி இருந்தது. ஆளைக் கூப்பிட அதைத் தட்டுவது எனக்கு உத்தியோகத்தில் வந்த பழக்கம். ஒரு நாள் மணியைக் காணவில்லை. விசாரித்தால் தான்தான் எடுத்து பீரோவில் வைத்ததாகச் சொன்னார். "அந்தச் சத்தத்தைக் கேட்டா தப்பே செய்யாத எனக்கே தப்பு செஞ்ச மாதிரி இருக்கு. இங்க வர்றவங்களுக்கு எப்படி இருக்கும்? வாயால கூப்பிடுங்க சார், ஸ்வல்ப மெதுவா." நான் சிரித்துவிட்டேன். மணியைத் திரும்ப எடுக்கவும் இல்லை. ஆனால் மனதுக்குள் அது ஒரு முள்ளாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கேட்காமல் இருப்பது எப்போதும் சரியாகவே வரவில்லை. மார்க்கெட் பக்கத்தில் ஒரு தையல்காரர் குடும்பம். பெரிய பெண் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். அவர் வாரா வாரம் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். அந்தப் பெண்தான் தட்டு வைப்பாள். ஒரு வாரம் அவள் இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டிருந்தாள். இவர் பார்த்தார், கேட்கவில்லை. அடுத்த தடவை போனபோது பெண் இல்லை. திருப்பத்தூர் பக்கம் சொந்தத்தில் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். இவர் புகார் கொடுத்தார், ஊருக்கே போனார், போலீசோடு மன்றாடினார். பெண் திரும்பி வரவில்லை.

ஊரிலிருந்து திரும்பிய அன்று ஆபீசில் வந்து உட்கார்ந்தார். "வளையலைப் பாத்தேன் சார். கேட்டிருக்கணும்" என்றார். அதன்பின் கொஞ்ச நாள் எந்த வீட்டிலும் எதுவும் கேட்டுச் சாப்பிடவில்லை என்று கஸ்தூரி சொன்னாள்.

நான் அவரைத் தேற்றியிருக்க வேண்டும். செய்யவில்லை. உள்ளுக்குள் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. விசாரணை என்று ஒன்று இல்லாமல் எந்த நிர்வாகமும் நடக்காது என்று நான் நம்பியவன். அந்த நம்பிக்கைக்கு இப்போது ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. இனிமேல் சிக்கலான வீடுகளுக்கு நானே நேரில் வருவேன் என்று அறிவித்தேன்.

முதலில் போனது செல்வி வீட்டுக்கு.

செல்வி ஒரு பேக்கரியில் பாக்கெட் போடும் வேலை செய்தாள். இரண்டு பெண் குழந்தைகள். பெரியவள் மூன்றாம் வகுப்பு, சின்னவள் அங்கன்வாடியில். புருஷன் எங்கேயோ போய்விட்டான், எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம். குழந்தைகள் சில நாள் பள்ளிக்கூடம் போவதில்லை, பகலிலேயே கதவைப் பூட்டிக்கொண்டு மூவரும் உள்ளே இருக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. குழந்தைகளை இல்லத்துக்கு அனுப்ப வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சு ஏற்கெனவே எழுந்திருந்தது. அவர் மட்டும், கொஞ்ச நாள் விடுங்கள், இப்போதுதான் எனக்கு முன்னால் கதவைத் தாழ் போடாமல் உட்காருகிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

போகும் வழியில் என்னிடம் சொன்னார். உள்ளே சுவரோரமாக, பாயில் உட்காருங்கள். குழந்தைகளிடம் எதுவும் கேட்காதீர்கள். கிளம்புவதற்கு முன்னால் கிளம்பப்போகிறேன் என்று சொல்லுங்கள். நான் சரி சரி என்றேன். மழை வரும்போல இருந்தது, அதில்தான் என் கவனம்.

சின்ன அறை. ஒரு மூலையில் அடுப்பும் சிலிண்டரும், கொடியில் துணி. செல்வி என்னைப் பார்த்ததும் உள்ளே இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து, முந்தானையால் துடைத்து, வாசற்படியை ஒட்டிப் போட்டாள். காற்று வருகிற இடம் அது ஒன்றுதான்.

"சார், இங்க வாங்க, பாய் போட்டிருக்கு" என்றார் அவர்.

எனக்கு முழங்கால் வலி உண்டு. ஆனால் முழங்காலுக்காக மட்டும் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. ஒரு வீட்டில் மரியாதையாக நாற்காலி போட்டிருக்கும்போது, எனக்குக் கீழே வேலை பார்க்கிறவர் எல்லோர் முன்னாலும் என்னைத் தரையில் உட்காரச் சொல்கிறாரே என்று இருந்தது. பரவாயில்லை என்று உட்கார்ந்தேன். நான் கொஞ்சம் பெரிய உடம்புக்காரன். வாசல் அடைபட்டது.

செல்வி எதிர்ச் சுவர் வரைக்கும் பின்னால் போனாள். சின்னவள் சிலிண்டருக்குப் பின்னால் போய்விட்டாள். பெரியவள் மட்டும் தாய்க்கு முன்னால் வந்து நின்றாள்.

நான் அன்பாகத்தான் ஆரம்பித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புருஷன் எங்கேம்மா, என்ன தகராறு, குழந்தைகளை ஏன் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை என்று கேட்டேன். செல்வி, கழுவி வைத்திருந்த ஒரு குண்டானை எடுத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். நான் குரலை உயர்த்திக் கேட்டேன். அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவர் இரண்டு தடவை என்னிடம், போகலாம் சார், இன்னொரு நாள் வரலாம் என்றார். நான் பெரியவளிடம் திரும்பினேன்.

அம்மா அடிப்பார்களா என்று கேட்டேன். ஆமா என்றாள். சாப்பாடு போடாமல் இருப்பார்களா? ஆமா. உங்களை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்களா? அதற்கும் ஆமா. என் முகத்தைப் பார்க்காமல், என் காலுக்குப் பக்கத்தில் தெரிந்த கொஞ்சம் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சிலிண்டருக்குக் கீழே இருந்து தரையில் ஈரம் ஓடி வந்தது. சின்னவள் ஒன்றுக்குப் போய்விட்டிருந்தாள். இவ்வளவு பெரிய குழந்தை, இதைக்கூடத் தாய் பழக்கவில்லை என்று நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும், இதற்கு மேல் காத்திருக்க முடியாது என்றேன். அவர் நடு ரோட்டில் நின்றுவிட்டார்.

"நீ யானையான்னு கேட்டிருந்தாலும் அந்தக் குழந்தை ஆமான்னுதான் சொல்லியிருக்கும். நீங்க எழுந்து போனா போதும்னு இருந்துச்சு அதுக்கு."

அவர் அவ்வளவு கோபமாகப் பேசி நான் பார்த்ததில்லை. குழந்தைகள் தாயை விட்டுப் போனால் செல்வி உடைந்துபோவாள், குழந்தைகளும் உடைந்துபோவார்கள், நான் பொறுப்பேற்கிறேன், மூன்று மாதம் கொடுங்கள் என்றார். அவர் வாயை அடைக்க என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அது எந்த இடத்தில் போய்க் குத்தும் என்று தெரிந்தே சொன்னேன்.

"தையல்காரர் பொண்ணுக்கும் நீங்கதானே பொறுப்பா இருந்தீங்க."

அவர் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு மழையில் நடந்து போனார். மறுநாள் காலையில் குழந்தைகள் விஷயத்தைப் பார்க்கும் அரசுக் குழுவில் எனக்குத் தெரிந்தவருக்குப் போன் செய்தேன். என் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. நேரில் பார்த்தேன், குழந்தையே சொன்னது என்றேன். இரண்டும் பொய்யில்லை.

குழந்தைகளைக் கூட்டிப்போன அன்று நான் அங்கே போகவில்லை. வந்திருந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் பெரியவள் ஆமா என்று தலையாட்டினாளாம். செல்வி அழவில்லை, சண்டை போடவில்லை. இரண்டு பேர் துணியையும் மடித்து ஒரு பையில் வைத்துக் கொடுத்தாளாம். அவர் அன்று முழுவதும் செல்வி பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார், சாப்பிட எதுவும் கேட்கவில்லை என்று கஸ்தூரி வந்து சொல்லிவிட்டு, என்னிடம் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போனாள்.

அவர் ராஜினாமா கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். கொடுக்கவில்லை. பார்வையாளர் நாள் தவறாமல் செல்வியோடு பஸ் மாறி ஊருக்கு வெளியே இருந்த இல்லத்துக்குப் போய்வந்தார். என்னோடு வேலைக்குத் தேவையானதை மட்டும் பேசினார். மாதக்கணக்கில் அந்தச் சந்துப் பெண்களைக் கூட்டிவைத்துப் பேசி, செல்வி வேலைக்குப் போகும்போது குழந்தைகள் யார் வீட்டில், பள்ளிக்கூடத்திலிருந்து யார் கூட்டிவருவது, புருஷன் திரும்பி வந்துவிட்டால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று எல்லாவற்றையும் முடிவு செய்ய வைத்தார். குழு முன்னால் விசாரணைக்கு அத்தனை பேரும் வந்தார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

கஸ்தூரியை என்ன தெரியும் என்று கேட்டார்கள். இப்போது சொல்லலாமா என்பதுபோல் அவள் செல்வியைப் பார்த்தாள். செல்வி தலையசைத்தாள். செல்வியின் புருஷன் வீட்டில் இருந்த காலத்தில் நாற்காலியை வாசலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து குடிப்பான் என்றாள் கஸ்தூரி. அவனாக எழுந்தாலொழிய யாரும் வெளியே போக முடியாது. குழந்தைகள் ஒன்றுக்குப் போக வேண்டும் என்றாலும் அவனைக் கேட்க வேண்டும். கேட்டால் அடி. கேட்காமல் உள்ளேயே போய்விட்டாலும் அடி.

கூட்டம் கலைந்த பிறகு, இதை ஏன் அன்றைக்கே என்னிடம் சொல்லவில்லை என்று அவரிடம் கேட்டேன். அப்போதும் ஒரு குற்றச்சாட்டைப்போலத்தான் கேட்டேன்.

"அது செல்வியோட விஷயம் சார். அவளைக் கேக்காம உங்ககிட்ட நான் எப்படிச் சொல்றது? பாய்ல உக்காருங்கன்னு சொன்னேன். அதுக்கு ஒரு காரணம் வேணுமா உங்களுக்கு?"

அப்படியானால் செல்வி ஏன் அந்த நாற்காலியை அங்கே போட வேண்டும் என்று எனக்குள் ஒரு வாதம் எழுந்தது. பதிலும் எனக்கே தெரியும். பெரிய மனுஷன் வந்தால் நாற்காலி போடத்தான் வேண்டும். காற்று வருகிற இடத்தில்தான் போட வேண்டும். அவள் எனக்குச் செய்த மரியாதை அது.

குழந்தைகள் திரும்பி வந்தன. தசரா லீவுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நிம்மதிப்பட ஆரம்பித்தபோது கஸ்தூரி வந்து சொன்னாள். சின்னவள் தட்டை வைத்துக்கொண்டு, சாப்பிடு என்று யாராவது சொல்லும்வரை நின்றுகொண்டே இருக்கிறாளாம். பாத்ரூம் போகக் கையைத் தூக்குகிறாளாம். செல்வியை ஆன்ட்டி என்று கூப்பிடுகிறாளாம். இல்லத்தில் வார்டனை அம்மா என்று கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். வாரா வாரம் பார்க்க வருகிற பெண்களெல்லாம் அங்கே ஆன்ட்டி.

அன்று ராத்திரி என்னால் படுக்க முடியவில்லை. மறுநாள் மெட்ரோ பிடித்து, மெஜஸ்டிக்கில் மாறி அல்சூரில் இறங்கி, ஆட்டோவில் மர்பி டவுன் போனேன். செல்வி வீட்டுச் சந்து முனையில் அவர் நின்றுகொண்டிருந்தார். செல்வியைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன் என்றேன். வாசலுக்கு வெளியே நின்றே கேட்கிறேன், உள்ளே வரமாட்டேன் என்றும் சொன்னேன்.

அவர் சந்துக்கு நடுவில் வந்து நின்றார்.

"வேணாம் சார். நீங்க மன்னிப்புக் கேட்டா அவ பரவால்ல சார்னு சொல்லியே ஆகணும். உங்க முகத்தைப் பாத்து வேற என்ன சொல்லுவா? அந்த வேலையையும் அவ தலையில வைக்காதீங்க."

நான் என்னதான் செய்யட்டும் என்றேன்.

"ஒண்ணும் செய்யாதீங்க. கஷ்டமாத்தான் இருக்கும். இருக்கட்டும்."

குரலில் கோபம் இல்லை. ஆட்டோ ஒன்றைக் கைதட்டி நிறுத்தி, டிரைவரிடம் கன்னடத்தில் ஸ்டேஷன் வரை என்று சொல்லி, நான் ஏறி உட்காரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு வயதாகிவிட்டது என்பதை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்போல் இருந்தது.

அடுத்த மாதமே தலைவர் பதவியை விட்டுவிட்டேன். அவர் இன்னும் கொஞ்ச காலம் இருந்தார். அந்தச் சந்துப் பெண்கள் தாங்களாகவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற நிலை வந்ததும் ஹூப்ளி பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

சின்னவள் செல்வியை மறுபடி எப்போது அம்மா என்று கூப்பிட்டாள், கூப்பிட்டாளா என்பது எனக்குத் தெரியாது. கஸ்தூரியை இரண்டு தடவை வழியில் பார்த்திருக்கிறேன். கேட்கவில்லை.